யாரும் விழாத ஆஸ்பத்திரி

அந்த ஆஸ்பத்திரியில் இருநூற்று எண்பது நாட்களாக யாரும் விழவில்லை. தரைக்கு வந்து சேர்ந்தவர்கள் உண்டு. கட்டிலிலிருந்து இறங்கும்போது கால் எட்டாமல் கீழேயே தங்கிவிட்டவர்கள், வராந்தாவில் நடந்துகொண்டிருக்கும்போதே படுத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தவர்கள், மாடிப்படியின் கடைசி நாலு படிகளை ஒரே மூச்சில் கடந்தவர்கள் என்று எல்லா வகையும் இருந்தார்கள். விழுந்தவர் என்று மட்டும் ஒருவர்கூடக் கிடையாது. சந்தேகப்படுகிறவர்கள் வாசலில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். ‘நோயாளி எவரும் விழாத நாட்கள்’ என்று ஆளுயரப் பலகை ஒன்றை நிறுத்தி, அதில் எண்ணை மாட்டியிருந்தார்கள். தினமும் காலை ஏழு மணிக்குக் காவலாளி அதில் ஒன்றைக் கூட்டுவார். முந்தின நாள் என்ன நடந்தது என்று அவர் யாரிடமும் கேட்பதில்லை. கேட்கச் சொல்லி அவருக்கு உத்தரவும் இல்லை.

எல்லாம் இயக்குநரின் ஏற்பாடு. இயக்குநர் ஒரு காலத்தில் காது மூக்கு தொண்டை டாக்டர். நாற்காலியில் உட்கார்ந்த பதினோரு ஆண்டுகளில் அவர் எந்தக் காதையும் எட்டிப் பார்த்ததில்லை. எந்தக் காதுக்காரர் சொன்னதையும் கேட்டதில்லை. போன வருடம் ஐந்து நாள் தலைமைப் பயிற்சிக்குப் போய்வந்தார். போகும்போது சாதாரண மனிதராகத்தான் போனார். திரும்பியதும் எல்லாரையும் கூடத்தில் கூட்டிவைத்து, ஆஸ்பத்திரியின் தரம் என்பது மருந்திலோ கட்டிலிலோ இல்லை, தலைமையில்தான் இருக்கிறது, அது தலையிலிருந்து கீழே இறங்கும் என்று அறிவித்தார். முந்நூறு நாள் யாரும் விழாமல் இருந்தால் ஆஸ்பத்திரிக்கு ஒரு தங்கக் கேடயம் கிடைக்கும் என்பதையும் அந்தப் பேச்சின் கடைசியில் போகிறபோக்கில் சொன்னார்.

தரம் கீழே இறங்குவதற்கு அவர் வகுத்த வழி தலைமை நடை. புதன்கிழமை தோறும் காலை பத்து மணிக்கு இயக்குநர் வார்டு வார்டாக நடப்பார். பின்னால் பத்துப் பேர் நடப்பார்கள். ஒருவர் கதவு திறக்க, ஒருவர் அவர் சொல்வதை எழுத, ஒருவர் படம் எடுக்க, ஒருவர் அவர் கையில் மருந்து நீர் ஊற்ற. மிச்சம் ஆறு பேர் என்ன செய்தார்கள் என்பது அந்த ஆறு பேருக்கும் தெரியாது. வழியில் எதிர்ப்படும் சிஸ்டரை நிறுத்தி, ‘தரம்னா என்ன?’ என்று கேட்பார். சிஸ்டர்கள் சட்டைப்பையில் வைத்திருக்கும் அட்டையில் விடை இருந்தது. அட்டையைப் பார்க்காமல் சொல்ல வேண்டும்.

மூன்றாம் மாடி ஆண்கள் வார்டின் பொறுப்பு பெரிய சிஸ்டருக்கு. ஆள் என்னவோ அலமாரியின் மேல்தட்டுக்கு எட்டாத உயரம்தான். இருபத்தாறு வருடச் சேவையால் வந்த பட்டம் அது. அவர் ஊசி போட்டால் வலிக்காது என்று பெயர். இப்பேர்ப்பட்டவருக்கும் புதன்கிழமை காலை அந்த அட்டையை நாலு முறை படித்துப் பார்க்காமல் வேலை ஓடாது. ஒருமுறை வாந்தியெடுக்கும் நோயாளிக்குச் சட்டி பிடித்துக்கொண்டு நின்றபோது இயக்குநர் வந்து கேள்வியைக் கேட்டுவிட்டார். பெரிய சிஸ்டர் ஒரு கையில் சட்டியும் ஒரு கையில் நோயாளியின் நெற்றியுமாக, “தரம் என்பது தலைமையின் தொலைநோக்கு, தொண்டின் வழியாக, நோயாளியின் புன்னகையில் நிறைவேறுவது” என்று தடுக்காமல் ஒப்பித்தார். இயக்குநர் பொறுமையாகக் கேட்டு முடித்து, நோயாளி புன்னகை செய்யவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளச் சொன்னார்.

அந்த வார்டின் குளியலறையில், வாஷ்பேசினுக்குக் கீழே, குழாய் இணைப்பில் ஒரு கசிவு இருந்தது. முன்பெல்லாம் இப்படி ஒன்று என்றால் ஜன்னல் வழியாகப் பிளம்பரைக் கூப்பிடுவார்கள். அவர் ஸ்பானரோடு வந்து இரண்டு முறுக்கு முறுக்கிவிட்டுப் போவார். இப்போது பிளம்பரைக் கூப்பிடத் தர அலுவலரின் ஒப்புதல் வேண்டும். தர அலுவலர் அதற்குமுன் ஒரு பிஸ்கட் கம்பெனியில் தரம் பார்த்தவர். உடைந்த பிஸ்கட்டை எந்தத் தலைப்பில் எழுதினால் உடையாததாக ஆகும் என்பதில் நல்ல தேர்ச்சி உள்ளவர். பெரிய சிஸ்டர் எழுதிக் கொடுத்த தாளைப் பார்த்துவிட்டு, இந்தக் கசிவால் இதுவரை எத்தனை பேர் விழுந்திருக்கிறார்கள் என்று கேட்டார். ஒருவருமில்லை என்றார் பெரிய சிஸ்டர். அப்படியானால் ஆபத்தின் அளவு பூஜ்யம். பூஜ்யத்தை எதனால் பெருக்கினாலும் பூஜ்யம்தான் என்று அவர் கணக்குப் போட்டுக் காட்டினார்.

“யாராவது ஒருத்தர் விழுந்தா மறுநாளே பிளம்பர அனுப்பிடலாம் சிஸ்டர்.”

“அப்ப விழட்டும்ங்கறீங்களா?”

“ஐயையோ, விழக்கூடாது. முந்நூறு நாள் கணக்கு என்னாகறது?”

தர அலுவலர் பெரிய சிஸ்டரை வெறுங்கையோடு அனுப்பவில்லை. ‘ஈரத்தரை, கவனம்’ என்று எழுதிய மஞ்சள் பலகை ஒன்றைக் கொடுத்தார். குளியலறை வாசலில் அதை வைத்ததும் நோயாளிகள் பார்த்து நடந்தார்கள். ஒரு வாரம் நன்றாகத்தான் போயிற்று. அடுத்த தலைமை நடையில் இயக்குநர் அந்தப் பலகையின் முன்னால் நின்றார். வருகிறவர்களிடம் நம் தரை ஈரம் என்று நாமே தண்டோரா போடுவதா என்று கேட்டார். அன்றிலிருந்து புதன்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பெரிய சிஸ்டர் அந்தப் பலகையைத் தூக்கித் துணி அலமாரிக்குள் வைப்பார். நடை முடிந்ததும் மறுபடி எடுத்து வைப்பார். தரை மட்டும் எல்லா நாளும் ஈரமாக இருந்தது.

பதினான்காம் கட்டிலில் ஒரு பெயிண்டர் இருந்தார். நெஞ்சுச் சளி கட்டிக் காய்ச்சலோடு வந்து, தேறி, வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போக வேண்டியவர். வயது அறுபது. மனைவி இல்லை, ஒரே மகள் பஸ் கண்டக்டர். பெயிண்டர் ஓயாமல் பேசுவார். வார்டுச் சுவரைப் பார்த்து, ஈரத்தின் மேலேயே அடித்திருக்கிறார்கள், ஆறு மாதத்தில் பொரிந்து கொட்டும் என்று வந்த அன்றே சொல்லிவிட்டார். நாலு மாடிக் கட்டடத்தில் மூங்கில் சாரத்தில் நின்று முப்பது வருடம் வேலை செய்தவர், ஒருமுறைகூட விழுந்ததில்லை என்பது அவருடைய பெருமை. வார்டில் அதை அவர் வாயால் கேட்காதவர்கள் இல்லை. பெரிய சிஸ்டரை அவர் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார்.

இருநூற்று எண்பத்தொன்றாம் நாள் புதன்கிழமை. பெரிய சிஸ்டர் ஒன்பது மணிக்குப் பலகையை அலமாரியில் வைத்தார். பிறகு கட்டில் கட்டிலாகப் போய், இயக்குநர் வருகிறார், முகம் கழுவித் தலை வாரி உட்காருங்கள் என்று சொன்னார். பெயிண்டர் சொன்ன பேச்சைக் கேட்கிறவர். சோப்பை எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போனார். பத்து மணிக்கு இருபது நிமிடம் இருக்கும்போது உள்ளே அந்தச் சத்தம் கேட்டது. பெரிய சிஸ்டர் ஓடிப் போய்ப் பார்த்தபோது மனிதர் இடது பக்கம் ஒருக்களித்துக் கிடந்தார். முகம் வெளிறியிருந்தது. முப்பது வருடத்தில் முதல்முறை என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

வார்டு ஆயாவும் சிஸ்டருமாக அவரைத் தூக்கிக் கட்டிலில் போட்டார்கள். பெரிய சிஸ்டர் விழுந்தவருக்கான சிவப்புப் படிவத்தை எடுத்தார். அந்தப் படிவம் அச்சடித்து வந்ததிலிருந்து கட்டு பிரிக்கப்படவில்லை. அதன் நூலை அறுத்துக்கொண்டிருக்கும்போது, தலைமை நடைக்குப் பாதை பார்க்கத் தர அலுவலர் உள்ளே வந்தார். விஷயத்தைக் கேட்டார். சிவப்புப் படிவத்தைப் பார்த்தார். குரலை இறக்கிக்கொண்டார்.

“அவர் விழுந்ததை நீங்க பாத்தீங்களா?”

“சத்தம் கேட்டுது சார். ஓடிப்போய்ப் பாத்தேன், தரையில கிடந்தார்.”

“பாக்காததை எப்படி எழுதுவீங்க? தரத்துக்கு அடிப்படையே உண்மைதான் சிஸ்டர். பாத்ததை மட்டும் எழுதுங்க. தரையில இருந்தார். அதாவது உக்காந்திருந்தார்.”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைப் பெரிய சிஸ்டர் பார்த்திருக்கிறார். தன் கையில் அகப்பையைக் கொடுப்பார்கள் என்று அவர் நினைக்கவில்லை. பலகையை அலமாரியில் வைத்தது யார் என்ற கேள்வி வரும் என்று தர அலுவலர் மெதுவாக ஞாபகப்படுத்தினார். பத்து அடிக்க எட்டு நிமிடம் இருந்தது. பெரிய சிஸ்டர் வெள்ளைப் படிவத்தில், ‘நோயாளி தாமாக முன்வந்து குளியலறைத் தரையில் அமர்ந்தார்’ என்று எழுதினார். இருபத்தாறு வருடமாக அழகான கையெழுத்து என்று பெயரெடுத்த கை அது. அன்றைக்கும் எழுத்து அழகாகத்தான் விழுந்தது. அதை நினைத்துத்தான் பிற்பாடு அவருக்கு அதிகம் கூசியது.

தாமாக அமர்ந்தவர் கையெழுத்தும் வேண்டுமாம். பெரிய சிஸ்டர் படிவத்தைப் பெயிண்டரிடம் நீட்டினார். பெயிண்டர் படித்தார், சிஸ்டர் முகத்தைப் பார்த்தார்.

“இதுல போட்டா உனக்குத் தொந்தரவு வராதா தங்கச்சி?”

வராது என்று சிஸ்டர் தலையாட்டினார். அவர் போட்டுவிட்டார். சாரத்தில் விழாதவன் பாத்ரூமில் விழுந்தான் என்று பேர் வருவதற்கு இதுவே தேவலாம் என்றும் சொன்னார். பத்து மணிக்கு இயக்குநர் வந்தார், பெயிண்டரின் கட்டிலருகே நின்றார், தலைமை என்றால் நோயாளி இருக்கும் இடத்தில் இருப்பது என்று எழுதுகிறவரிடம் சொன்னார். ஆஸ்பத்திரிக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் கொடுப்பீர்கள் என்று பெயிண்டரைக் கேட்டார். பெயிண்டர் பல்லைக் கடித்துக்கொண்டு பத்து என்றார். கடித்த பல் புன்னகைபோலத் தெரிந்ததால் படம் எடுத்தார்கள்.

மதியம் வந்த இளம் டாக்டர் இடுப்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்றார். நல்ல பிள்ளை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடவேண்டுமே. கம்ப்யூட்டர், நோயாளி விழுந்தாரா என்று கேட்டது. டாக்டர் வெள்ளைப் படிவத்தைப் பார்த்து இல்லை என்று தட்டினார். உட்கார்ந்தவருக்கு எக்ஸ்ரே அவசியமில்லை என்று கம்ப்யூட்டர் சொல்லிவிட்டது. வலி மாத்திரை எழுதிவிட்டுப் போனார். மறுநாள் நடக்கப் பயிற்சி கொடுக்க வந்தவர், நோயாளி காலை ஊன்ற மறுக்கிறார், ஒத்துழைப்பு இல்லை என்று எழுதினார். வெள்ளிக்கிழமை தர அலுவலரே வந்து, நீண்ட நேரம் உட்காருவது நோயாளியின் பழக்கம் என்று பக்கத்தில் ஒரு வரி சேர்த்தார்.

சனிக்கிழமை மாலை, பணி முடிந்து யூனிஃபாரத்தோடேயே மகள் வந்தாள். அப்பாவை எழுப்பி நிற்கவைக்கப் பார்த்தாள். அவர் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றார்.

“முயற்சியே பண்ண மாட்டேங்கறியேப்பா. எல்லாரும் எழுதி வச்சிருக்காங்க பாரு, ஒத்துழைக்கலேன்னு. வெக்கமா இல்ல? நான் லீவு போட்டு எத்தனை நாள் உக்காந்திருக்க முடியும்?”

பெயிண்டர் குழந்தைபோல முழித்தார். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. பக்கத்துக் கட்டிலுக்கு மருந்து கொடுத்துக்கொண்டிருந்த பெரிய சிஸ்டருக்கு இந்த இடத்தில்தான் பூமி பிளந்து தன்னை விழுங்கிவிடக்கூடாதா என்று இருந்தது. ஒரு மனுஷன் எலும்பில் அடிபட்டுக் கிடக்கிறான், பெற்ற பிள்ளையிடம் சோம்பேறிப் பட்டமும் வாங்குகிறான், எல்லாம் தன்னுடைய அழகான கையெழுத்தால். மருந்துத் தட்டைக் கீழே வைத்துவிட்டு அந்தப் பெண்ணை வராந்தாவுக்குக் கூட்டிப் போனார்.

“அவர் விழுந்துட்டாரும்மா. புதன்கிழமை. ஈரத்தரைன்னு போர்டு இருந்துச்சு, அதை எடுத்து ஒளிச்சு வச்சது நான். உக்காந்தார்னு எழுதினதும் நான்தான்.”

மகள் சுவரைப் பார்த்தபடி நின்றாள். “மூணு நாளா அவரைத் திட்டிக்கிட்டு இருக்கேன் சிஸ்டர்” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். தன்னைத் திட்டியிருந்தால் தேவலாமே என்று பெரிய சிஸ்டருக்குத் தோன்றியது.

அதற்குப் பிறகு அவர் யாரையும் கேட்கவில்லை. கம்ப்யூட்டரில், விழுந்தாரா என்ற இடத்தில் ஆம் என்று தட்டினார். தானே சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எக்ஸ்ரேவுக்குப் போனார். இடுப்பெலும்பு உடைந்திருந்தது. அவர் ஆம் என்று தட்டியது பதினோரு பேர் போனில் அலறியது என்பதும், இயக்குநர் சாப்பாட்டிலிருந்து எழுந்துவிட்டார் என்பதும் அப்புறம்தான் தெரியவந்தது. திங்கட்கிழமை ஆபரேஷன் செய்தார்கள். ஊன்றுகோலோடு நடக்கலாம், சாரம் ஏறுவதை மறந்துவிட வேண்டியதுதான் என்று எலும்பு டாக்டர் சொன்னார். பெயிண்டர் அன்றைக்கு முழுதும் பேசவில்லை.

இப்போது கேள்வி ஒன்றுதான். ஆஸ்பத்திரிக்குள் விழுந்தவர் என்றால், அவர் சரியாக நடக்கிறவரைக்கும் வைத்துப் பார்த்துப் பயிற்சி கொடுக்க வேண்டியது ஆஸ்பத்திரியின் கடமை. உட்கார்ந்தவர் என்றால் ஆபரேஷன் ஆன பன்னிரண்டாம் நாள் அனுப்பிவிடலாம். மகள் காலை ஐந்து மணிக்கு பஸ் ஏறினால் வீடு திரும்ப மாலையாகும். மாடி வீடு. அப்பாவைத் தண்ணீர் கொடுக்கவும் ஆளில்லாமல் பூட்டிவிட்டுத்தான் போக வேண்டும். பெரிய சிஸ்டர் விசாரணையில் உள்ளதைச் சொல்வதாக அவளிடம் வாக்குக் கொடுத்தார். நிச்சயமாகச் சொல்வீர்களா என்று அவள் மறுபடியும் கேட்டாள். நிச்சயமாகச் சொல்வேன் என்றார். வீட்டில் கணவர் மட்டும், ஓய்வுக்கு இரண்டு வருடம் இருக்கும்போது உனக்கு ஏன் இந்த வீண் வம்பு என்று சொல்லிப் பார்த்தார். பெரிய சிஸ்டர் யூனிஃபாரத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

இருநூற்றுத் தொண்ணூற்றேழாம் நாள், இதைத் தீர்மானிக்க மூலகாரணக் குழு கூடியது. நீள மேஜை, ஒன்பது பேர், ஒன்பது தண்ணீர் பாட்டில். உறவினர்களுக்கு அனுமதியில்லை என்பதால் மகள் வராந்தாவின் கோடியில் காத்திருந்தாள். பெரிய சிஸ்டர் பெயிண்டரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். இயக்குநர் எழுந்து பேசினார்.

“இங்க யாரையும் குறை சொல்ல நாம கூடலை. குறை சொல்லாத பண்பாடுதான் நம்ம தலைமையோட அடையாளம். அதனால முதல்ல, தப்பு பண்ணினது யாருன்னு மட்டும் தெரிஞ்சுக்குவோம். என்ன நடந்திருந்தாலும் முழுப் பொறுப்பையும் தலைமை ஏத்துக்குது. தண்டனையை மட்டும் சம்பந்தப்பட்டவங்க ஏத்துக்கணும்.”

எல்லாரும் மேஜையைத் தட்டினார்கள். தர அலுவலர் விதிப்புத்தகத்தை விரித்து இரண்டு வழி இருப்பதாக விளக்கினார். பெயிண்டர் விழுந்திருந்தால், உட்கார்ந்தார் என்று எழுதிய சிஸ்டர் பொய்ப்பதிவு செய்தவர். பொய்ப்பதிவுக்கு வேலை நீக்கம், பென்ஷன் கிடையாது. பெயிண்டர் உட்கார்ந்திருந்தால், ஆம் என்று தட்டியது வெறும் கைத்தவறு. அதற்கு ஒரு மணி நேரப் பயிற்சி வகுப்பு போதும். உட்கார்ந்தால் எலும்பு உடையுமா என்று ஒருவர் கேட்டார். சில பேர் உட்காரும் விதம் அப்படி என்று இன்னொருவர் சொன்னார். அதுவும் குறிப்பில் ஏறியது.

இயக்குநர் பெயிண்டர் பக்கம் திரும்பினார். பயப்படாமல் உண்மையைச் சொல்லும்படியும், இங்கே நோயாளிதான் ராஜா என்றும் சொன்னார். பெயிண்டர் விதிப்புத்தகத்தைப் பார்த்தார். அதன் பக்கத்தில் கையைப் பிசைந்துகொண்டு நின்ற பெரிய சிஸ்டரைப் பார்த்தார்.

“உக்காந்தேன் சார்” என்றார். “தலை சுத்துற மாதிரி இருந்துச்சு. நானாத்தான் உக்காந்தேன். கொஞ்சம் வேகமா உக்காந்துட்டேன்.”

அறை முழுவதும் மூச்சு விட்டது. சிஸ்டர் ஏதாவது சொல்ல விரும்புகிறாரா என்று இயக்குநர் கேட்டார். பெரிய சிஸ்டர் வாயைத் திறந்தார். சொல்ல வேண்டியது ஒரே வார்த்தை. வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்த வார்த்தை. ஒன்பது பேர் பார்த்தார்கள்.

“இல்ல சார்” என்றார்.

குழு தீர்மானம் எழுதியது. யாரும் விழவில்லை என்பதால் குழாய்க் கசிவின் ஆபத்து அளவு பூஜ்யமாகவே தொடரும். நோயாளிகள் குளியலறையில் உட்கார விரும்புவது தெரியவந்திருப்பதால், அங்கே ஒரு நாற்காலி போடப்படும். இக்கட்டான நேரத்திலும் உண்மையின் பக்கம் நின்ற தலைமைக்குக் குழு நன்றி தெரிவிக்கிறது. பெரிய சிஸ்டர் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். பெயிண்டர் மறுநாள் வீட்டுக்குப் போகலாம் என்று தர அலுவலர் அவர் தோளில் தட்டிச் சொன்னார்.

சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்ததும் பெயிண்டர் கழுத்தைத் திருப்பி நிமிர்ந்து பார்த்தார். பரீட்சை எழுதிவிட்டு வந்த பிள்ளையின் முகம்.

“சரியாச் சொன்னேனா தங்கச்சி? உனக்கு இனிமே ஒண்ணும் வராதுல்ல?”

“வராதுண்ணே” என்றார் பெரிய சிஸ்டர்.

வராந்தாக் கோடியிலிருந்து மகள் வேகமாக வந்தாள். அப்பாவைப் பார்க்கவில்லை, சிஸ்டரைத்தான் பார்த்தாள். “சொல்லிட்டீங்களா?” என்றாள். பெயிண்டர் நடுவில் புகுந்து, எல்லாம் நல்லபடியாக முடிந்தது, பேசாமல் வா என்றார். அவள் காதில் அது ஏறவில்லை. மறுபடியும் கேட்டாள்.

ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அன்றைக்கு அந்த ஆஸ்பத்திரியில் அதற்குப் பஞ்சமே இல்லை. பெரிய சிஸ்டர், “நான் ஒண்ணும் சொல்லலம்மா” என்றார்.

மகள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றாள்.

“கைய எடுங்க” என்றாள்.

பெரிய சிஸ்டர் கையை எடுத்தார். அவள் அப்பாவைத் தள்ளிக்கொண்டு போனாள். பெயிண்டர் மட்டும் போகிறபோக்கில் ஒருமுறை திரும்பி, பரவாயில்லை என்பதுபோலக் கையை ஆட்டினார்.